கோர்தோபாவுக்குப் போகாத மைனிக்கு

ஆசை மைனிக்கு,

கோர்தோபா என்ற பெயரை நம் வீட்டில் ஒரு வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்னான். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்வதற்கு உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அபுதாபி பாலைவனத்து ஓரத்தில் இந்த ருவைஸ் நீங்கள் விட்டுப் போன மாதிரியேதான் இருக்கிறது. எண்ணெய் ஆலையின் நெருப்பு ராத்திரியும் பகலும் எரிகிறது. ஆஸ்பத்திரியில் உங்கள் லாக்கரைப் புதிதாக வந்த ஒரு நர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், நல்ல மாதிரி. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனாலும் அவள் அதைத் திறக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

எல்லாம் அந்த லாக்கர் அறையில்தானே ஆரம்பித்தது. டீ குடிக்கிற நேரம். உங்கள் போனில் ஏதோ மீன் குழம்பு வீடியோ முடிந்து, அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள், எங்கே பார்த்தாலும் தூண்கள்.

"ஏட்டி ஜெசி, இங்க பாரு. பள்ளிவாசலுக்கு நடுவுல மாதா கோயிலு கெட்டி வச்சிருக்கானுவ."

"எந்த ஊரு மைனி?"

"ஸ்பெயினாம். கோர்தோபாவாம். பாங்கு சொன்ன கோபுரத்த உள்ள வச்சே மேல கெட்டி, அதுல மணி தொங்கவிட்டுருக்கானுவ."

ஒருத்தரை விரட்டிவிட்டு இன்னொருத்தர் கட்டினதுதானே மைனி என்றேன். "வெரட்டுனாலும் இடிக்கலயே" என்றீர்கள். பிறகு டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பேசினீர்கள். இங்கே வந்த நாளிலிருந்து பாங்குச் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறோம், நம் கோயிலுக்கு இங்கே மணி கிடையாது, ரெண்டும் ஒரே கோபுரத்தில் இருந்த ஊர் எப்படி இருக்கும், அங்கே ஒரு நாள் காலையில் கண் விழிக்க வேண்டும் என்று. நீங்கள் ஒன்றை வேண்டும் என்று கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

நமக்கெல்லாம் லீவு என்றால் ஊர்தானே. யாருக்காவது கல்யாணம், யாருக்காவது முதல் நன்மை, யாருக்காவது அடக்கம். பெட்டி நிறைய சாமான்களோடு தூத்துக்குடிக்குப் போய், வீடு வீடாகக் கொடுத்து முடிக்கும்போது லீவும் முடிந்திருக்கும். உங்களுக்காக என்று நீங்கள் ஒரு ஊருக்கும் போனதில்லை. ஈஸ்டர் முடிந்து நாலு நாள், மாட்ரிட் வரைக்கும் விமானம், அங்கிருந்து ரயில் என்று நாம் பேசத் தொடங்கியபோது உங்கள் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது. என் அண்ணனைக் கட்டி இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு பெண் தனக்காக ஆசைப்பட்டால் கூச்சம் வர வேண்டுமா?

அண்ணனிடம் சொன்னதும் சிரித்தான். "நாலு தூணப் பாக்கவா அவ்வளவு தூரம்? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு ஆலையில ஷட்டவுன் வேல கெடக்கு." அவன் வராதது நமக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கூட வந்தால் மூன்று வேளையும் சோறு தேடுவான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகுதான் முதுகு வலி. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றீர்கள். நானும் நர்ஸ்தான், நானும் அதையே நம்பினேன். அபுதாபியில் ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கார் பார்க்கிங்கில் வைத்துப் படித்தோம். கணையம். ஈரலுக்கும் போயிருந்தது. இருவருக்குமே அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியும், யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களாக இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு நினைத்தேன். நீங்கள் ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டீர்கள்.

"ஜெசி, விசாவுக்கு எப்ப அப்பாயின்ட்மென்ட் கெடைக்கும்?"

அதைத்தான் கேட்டீர்கள்.

மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகும் நாம் திட்டத்தை விடவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டபோது, ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் போய்விட்டு வரட்டும், மனதுக்கு நல்லது என்றார். அவர் எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நான் போனில் அறைகளைக் காட்டுவேன். லிஃப்ட் இல்லாத பழைய வீடுகள், அதனால் தரைத்தளத்தில் ஒரு அறை. நடுமுற்றத்தில் பூந்தொட்டிகள். கோயிலுக்குப் போகும் சந்தில் சக்கர நாற்காலி உருளுமா என்று தெருவின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாம் உருளைக் கற்கள் பதித்த தரை. "குலுங்கிக் குலுங்கிப் போவோம், என்ன இப்ப" என்றீர்கள். ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்காது என்று கேட்டீர்கள். நான் அதையும் பார்த்துச் சொன்னேன்.

ஒரு நாள் சமையலறையில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்குட்டி அவளுக்கு ஆச காட்டுத? பாத்ரூமுக்கு நடக்க முடியல அவளால."

"அவங்கதாம்ணே கேக்காங்க."

"அவ கேப்பா. உனக்கு எங்க போச்சு புத்தி?"

நீங்கள் உள்ளே படுத்திருந்தீர்கள். கேட்டிருக்கும்.

விசா மையத்துக்கு உங்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். கைரேகை எடுக்கும் மெஷின் உங்கள் விரலை ஏற்கவே இல்லை. மருந்து உங்கள் உள்ளங்கையையும் விரல் நுனியையும் உரித்து, ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தது. அங்கிருந்த பிலிப்பைன்ஸ் பெண் டிஷ்யூவால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துத் துடைத்து வைத்தாள். மெஷின் சிவப்பு விளக்கையே காட்டியது.

"நான் இல்லன்னு மெஷினு இப்பவே சொல்லிட்டு பாரு" என்று என்னிடம் தமிழில் சொல்லிச் சிரித்தீர்கள். அந்தப் பெண்ணும் அர்த்தம் தெரியாமல் கூடவே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை மைனி. கடைசியில் ஏதோ ஒரு வழியாக ரேகை விழுந்தது. பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஐ.சி.யூ.வில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இங்கே இறந்தவர்களை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும். அது இல்லாமல் மற்ற எந்த வேலையும் நகராது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் அண்ணனிடம் அதைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

"பாஸ்போர்ட் எங்கட்டி?"

"விசா ஆபீஸ்ல இருக்குண்ணே."

மரணச் சான்று கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு அவர்கள் மூடிவிட்டார்கள். சனி ஞாயிறு லீவு. யார் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தேன், எல்லாரும் திங்கட்கிழமை என்றார்கள். அண்ணன் பிணவறைக்கு வெளியே இருந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"ஒங்க வெளையாட்டுனால அவ உள்ள ஃப்ரீஸர்ல கெடக்கா" என்றான். குரலை உயர்த்தாமல் சொன்னான்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக் கடிதமும் மரணச் சான்றும் வைத்துக்கொண்டு விசா மையத்தின் கதவு திறக்கக் காத்திருந்தேன். ரசீது எண்ணை நீட்டினேன். கவுன்டரில் இருந்த வடநாட்டுக்காரர் உறையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். "முபாரக் மேடம், வாழ்த்துகள். விசா வந்துவிட்டது. ரெண்டு பேருக்குமே. அவங்க வரவில்லையா?" என்று இந்தியில் கேட்டார். நான் சான்றை அவர் பக்கம் தள்ளினேன். அவர் படித்தார். எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பாஸ்போர்ட்டையும் என் கையில் தந்தார்.

தூதரகத்தில் உங்கள் பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டி, ரத்து என்று முத்திரை குத்தினார்கள். பக்கங்களைப் புரட்டிய அதிகாரி அந்த விசாவைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் அப்போதுதான் அதைப் பார்த்தான். உங்கள் போட்டோ, வரப்போகிற மாதத்தின் தேதி. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஊருக்குப் போன விமானத்தில் அவன் முன் வரிசை, நான் பின் வரிசை. நீங்கள் எங்கள் இருவருக்கும் கீழே இருந்தீர்கள். கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்ட பிறகும் அவன் என்னிடம் பேசவில்லை. நாம் புறப்பட வேண்டிய நாளில் நான் இங்கே டூட்டி பார்த்தேன். அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சமைத்து எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். அவன் கதவைத் திறப்பான், சாப்பிடுவான், பாத்திரத்தைக் கழுவித் தருவான். பேச்சு கிடையாது. மெலிந்துவிட்டான் மைனி. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறான். ஒரு தரம் பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா, மொட்டமாடில ரொம்ப நேரம் நிக்காரு" என்றார். அதிலிருந்து ஞாயிறு வரைக்கும் காத்திருக்க முடியாமல் நடுவில் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிறு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவன் திடீரென்று கேட்டான்.

"அந்தக் கோர்தோபாவுக்கு மாட்ரிட்லருந்து ரயிலுதான?"

"ஆமாண்ணே."

"எங்கிட்டயும் சொல்லிருக்கா ஜெசி. சாப்புடும்போது. ரெண்டு மூணு தரம். நான் டிவியப் பாத்துக்கிட்டே உம் கொட்டுனேன். என்ன சொன்னாங்கிறதே இப்ப ஞாபகம் இல்ல." தட்டை ஒரு பக்கமாக நகர்த்தினான். "நீ சொல்லு. என்னதான் பாக்கணும்னு சொன்னா?"

சொன்னேன். தூண்கள், நடுவில் பீடம், கோபுரம், முற்றத்தில் வரிசையாக நிற்கும் ஆரஞ்சு மரங்கள், நாம் பார்த்து வைத்த தரைத்தளத்து அறை, உருளைக் கற்கள். ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கையில் சோறு காய்ந்துபோனது.

"ஒன்ன அன்னைக்கு நான் பேசுனது..." என்றான்.

"விடுண்ணே."

"விட முடியல. தப்புன்னும் சொல்ல முடியல. அவ அங்க கெடந்தாதான."

"கெடந்தாங்க" என்றேன். உங்களுக்கு அந்த ஆசையைக் காட்டாமல் இருந்திருந்தால் நீங்கள் இரண்டு நாள் முன்னாலேயே ஊர் மண்ணுக்குப் போயிருப்பீர்கள். காட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கடைசி மாதங்களில் நாம் எதைப் பேசியிருப்போம்? நீங்கள் இருந்தால் இதற்கு ஒரு பதில் சொல்வீர்கள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் விசா போடு" என்றான். அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டது. பயணம் ஈஸ்டர் முடிந்த வாரம், அதே நாலு நாள். அவன் சந்தோஷமாக இல்லை, நானும் இல்லை. நேற்று போனில் கேட்டான்: "அங்க போயி நான் ஒடஞ்சு போயிட்டேன்னா என்னட்டி செய்வ?" பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மைனி. அந்த ஊர் நன்றாக இல்லாவிட்டால், நன்றாக இல்லை என்றே வந்து சொல்வேன். உங்களுக்காக அழகு சேர்க்க மாட்டேன். அண்ணன் அங்கே உட்கார்ந்து அழுதால் அழ விடுவேன். சுற்றி நிற்கும் ஆட்களைப் பார்த்து வெட்கப்பட்டு அவனை எழுப்ப மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் பக்கத்தில் இருப்பேன். அழுது முடித்ததும் அவன் கையைப் பிடித்து ரயிலேற்றி, விமானமேற்றி, இந்த ருவைஸ் வீட்டுக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ப்பேன். அவனை உங்களிடம் இப்போது அனுப்ப மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
ஜெசி