அன்னாசித் துண்டில் கற்பூரவள்ளி

பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் நம் மகள் சக்தியும் நலம். காய்ச்சலுக்குப் பிறகு எதன் வாசனையும் தெரியவில்லை என்றீர்களே, இப்போது எப்படி?

நேற்று டியூஷன் இல்லை. அன்னாசி ஜாம் பரப்பிய மாத்துண்டுகளை ஓவனில் சுட்டேன். பாடம் புரியாத பிள்ளைக்கு உதாரணத்தை மாற்றுவதுபோல, மாவில் ஏலக்காய்க்குப் பதில் கற்பூரவள்ளி நறுக்கிப் போட்டேன்.

"கேக்குல கஷாய இலையா? வேணாம்லா அம்மா!" என்று சிரித்தாள் சக்தி.

மழைச் சத்தத்தில் கண்ணயர்ந்தேன். வீடெங்கும் அந்த மணம். அடுத்த அறையில் நீங்கள் இருமுவதுபோல இருக்க, "தண்ணி வேணுமா?" என்று கேட்டே விட்டேன். துண்டுகளின் ஓரம் சற்றுக் கருகியது, அவ்வளவுதான்.

ஊருக்கு வரும் யூசுப் தம்பியிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். முகர்ந்து பார்த்து எழுதுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் எனக்காகப் பொய் சொல்லாதீர்கள். வேறு இலை போட்டுச் சுடுகிறேன்.

தம்பி வாசலில் நிற்கிறார்.

உங்கள்
வசந்தகுமாரி