கண்ணாடி மாட்டப் போன சுவர்

ஐப்பசி 9, ஞாயிறு.

நாளைக் காலை தங்கச்சி மகளைப் பெண் பார்க்க வடமதுரையிலிருந்து வருகிறார்கள். அவள் வீட்டில் கண்ணாடி மாட்டுவதற்காகக் கை கழுவும் குழாய்க்கு நேர் மேலே டிரில் போட்டேன். திண்டுக்கல்லில் பாதி வீட்டுச் சுவர்கள் நான் துளைத்தவைதான். ஆனாலும் உள்ளே பைப் மேலேறிப் போவதை மறந்துவிட்டேன். வால்வைத் தேடி மூடுவதற்குள் மாடித் தொட்டி காலி. அடுத்த தண்ணீர் எட்டு நாள் கழித்துத்தான் விடுவார்கள்.

"பிளம்பரைக் கூப்பிடுறேன்னேன்ல? கேட்டியாண்ணே?" என்று தங்கச்சி அழுதாள்.

"செத்த பொறு தாயி, சிமெண்டு இறுகிரும்."

இறுகவில்லை. ஈரச் சுவரில் பூசியதெல்லாம் வழிந்துவிட்டது. வருகிறவர்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீருக்கும் வழியில்லை.

"மாமா, நாளைக்கு அவங்ககிட்ட மட்டும் பெருமை பேசிராதீங்க" என்றாள் தங்கச்சி மகள்.

தலையாட்டினேன். வேறு என்ன பேசுவேன் என்றுதான் தெரியவில்லை.