பன்னிரண்டு நிமிடம்

என் வாயாடிக்கு,

இதை விமான நிலையத்திலேயே படித்துவிடு. போனில் சொல்ல வழியில்லை. போன் இருக்கும் அறையைவிட்டு மகள் நகர்வதே இல்லை; வேலைக்குப் போனால் அங்கேயும் கூடவே வந்துவிடுகிறாள்.

உன் ஊரிலிருந்து இங்கே இருநூற்று நாற்பது கிலோமீட்டர். விமானத்துக்கு நாற்பது நிமிடம். நடுவில் கடலைத் தவிர ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை அவளை ஏற்றிவிட்டு, "இப்பதாங்க கிளம்புச்சு" என்று போன் செய்தாய். பன்னிரண்டாவது நிமிடத்தில் இங்கே சக்கரம் தரையைத் தொட்டது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நேரம் குறிப்பவன் நான்தானே? வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நாற்பது என்றே எழுதிவைத்தேன். விமானியும் வாயைத் திறக்கவில்லை.

"சீக்கிரம் வந்துட்டியேம்மா?" என்றேன்.

"நடுவுல இறங்கினோமேப்பா," என்றாள். "அம்மா சொல்லலையா?"

அன்றிலிருந்து எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. தட்டில் போட்டதைச் சிந்தாமல் சாப்பிடுகிறாள். சொன்ன நேரத்துக்குப் படுக்கிறாள். ஒன்பது வயதில், அதுவும் உன் வயிற்றில் பிறந்தவள்!

நாளை அவளைத் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அவள் கையில்தான் வரும். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும், உனக்குத் தெரியாததா? உறை பிரிந்திருந்தால் அவளைக் கட்டிக்கொள். அப்பாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லி இருவரும் சிரியுங்கள்.

ஒட்டியது ஒட்டியபடியே இருந்தால், அவள் நீட்டும் கையைப் பிடிக்காதே. நம் மகள் இன்னும் நடுவில்தான் இருக்கிறாள்.

உன் புருஷன்