அப்பாவின் தோளில் உன் கை

என் கண்ணான மகளுக்கு,

நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஸ்டூடியோ மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், படியை நான்தான் கட்டினேன் என்பது போல.

விஷயத்துக்கு வருகிறேன், மற்றவர்கள் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள். பெரியப்பா வீட்டுச் சின்னவளுக்கு வரன் வந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்ட, நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி பெரியப்பா ஸ்டூடியோவுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை, "ஏம்மா, உன் பொண்ணை மட்டும் அதுலேருந்து எடுத்துடு. கட்டினவனை விட்டுட்டுத் தனியா இருக்கான்னு தெரிஞ்சா என் பொண்ணை யார் கட்டுவான்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சின்னவள் வாழ்க்கையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். என் வேலை முறைதான் உனக்குத் தெரியுமே, கேமராவிலிருந்து வந்த அசலை நான் தொடுவதே இல்லை, வெட்டுவது ஒட்டுவது எல்லாம் நகலில்தான். மேலே திருத்திய படம், அடியில் அசல் என்று இரண்டும் சேர்ந்தே அடுக்கி இருக்கும். நகலில் உன்னை எடுத்தேன், நீ நின்ற இடத்தை ஜன்னல் திரையால் நிரப்பினேன். அப்பா தோளில் வைத்திருந்த உன் கை மட்டும் மிச்சம் இருந்தது. பெரியப்பா குனிந்து பார்த்து, "அந்தக் கையையும் எடு" என்றார். அதையும் எடுத்து அப்பாவின் சட்டைக் கசங்கலைச் சரிசெய்தேன்.

அதோடு விட்டாரா? "பழசையும் அழிச்சிடு, ரெண்டும் இருந்தா என்னைக்காவது குட்டு வெளிப்பட்டுடும்" என்றார். அப்போது வந்தது பார் எனக்குக் கோபம்! "அசல் மேல யாரும் கை வைக்க முடியாது. நான் பெத்ததை நானே அழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா உன் அப்பா பக்கம் திரும்பி, "டேய், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா" என்றார். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர்தானே உன் அப்பா, ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர் திரையில் வெறுமையாகத் தெரிந்த தன் தோளையே பார்த்தார். "அண்ணே, அது என் மக கை. அது இல்லாத படத்துல நான் உட்கார மாட்டேன்" என்றார். பிறகு என்னிடம், "திருத்தினதை அழி" என்றார். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பெரியப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன்.

இனி என் வாசற்படி மிதிக்காதீர்கள் என்று கத்திவிட்டுப் போனார். மறுநாளே அசலை ஆளுயரத்துக்குப் போட்டு முகப்புக் கண்ணாடிக்குள் வைத்தேன், போகிற வருகிறவரெல்லாம் பார்க்கட்டுமே. பக்கத்துக் கடைத் தையல்காரர், "வம்பை விலைக்கு வாங்குறீங்களே" என்றார், உங்களுக்கும் ஒன்று போட்டுத் தரவா என்று கேட்டேன், தையல் மெஷினுக்கே திரும்பிப் போய்விட்டார். படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவள் யார் தெரியுமா, சின்னவளேதான். "சித்தி, எனக்கும் இதையே குடுங்க. பொய் சொல்லிக் கட்டிக்கிட்டு, தினமும் பயந்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது" என்றாள். அவளே கூடத்தில் ஆணியடித்து மாட்டினாளாம். வந்தவர்கள் படத்தில் உன்னைக் காட்டி இது யார் என்று கேட்க, பெரியப்பா திருதிருவென்று விழிக்க, "என் அக்கா. அடிக்கிற புருஷனை விட்டுட்டுச் சொந்தக் கால்ல நிக்கிறா" என்று இவளே சொன்னாளாம். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான் என்று சிரிக்கிறாள். பெரியப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனால் படத்தைக் கழற்றவும் இல்லை.

உன்னால்தான் இவ்வளவும் என்று அழாதே, பெரியப்பாவுக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்காதே, கேட்டாயென்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், நீண்ட ஆயுளோடு நீ இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே, அடுத்து உன் படம் அனுப்பும்போது முகத்தை வழவழவென்று ஆக்கி அனுப்பாதே. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா