ஒன்று கூடுதல்

செவ்வாய்ச் சுற்றுப்பாதை, கருப் பரிசோதனைக் கூடம்
பதிவு: ஜெசிந்தா. வேறு ஆளில்லை.

நாள் 1104, 08:10
கதிர்வீச்சுக் கவசம் சரி. உறைபெட்டி மைனஸ் 196 டிகிரி. கீழே குடியிருப்பில் இருக்கும் இசைவாணிக்கும் அவள் கணவருக்கும் மிச்சம் இரண்டே கருக்கள். கதிர்வீச்சு பட்ட உடம்பு. புதிதாகக் கரு உருவாக்க வழியில்லை. இரண்டிலிருந்தும் செல் எடுத்து, குரோமோசோம் எண்ணும் கருவியில் வைத்தேன். ஒப்பிட, வழக்கம்போல் என் ரத்தம். பூமியிலிருந்து வந்த மாதிரிகள் முதல் வருடமே கெட்டுப்போயின. ஆய்வகக்காரர்கள் செய்கிற வேலைதான் இது. அவசரத்துக்குக் கிடைப்பது நம் கை நரம்புதானே.

11:40
முதல் கரு: ஒன்று கூடுதல். எரித்தேன். இரண்டாவது: சரி. குளிர்குப்பியில் கீழே அனுப்பியாயிற்று.

நாள் 1119, 09:05
இசைவாணியின் குரல்: "டாக்டரக்கா, கரு நின்னுருச்சு! இவரு அழுதுட்டே இருக்காரு, பாருங்களேன்."
நானும் அழுதேன். இதற்கு முன் அவளுக்கு அனுப்பிய ஆறும் கலைந்துபோயின. செவ்வாயின் மேல் பழி போட்டோம்.

நாள் 1130, 10:30
கருவியின் கேமரா செத்துவிட்டது. கையால் எண்ணிப் பழகலாமென்று என் ரத்தத்தையே நுண்ணோக்கியில் வைத்தேன். மனிதருக்கு 46 குரோமோசோம் இருக்க வேண்டும். 45 வருகிறது. கண் அசதியாக இருக்கும்.

11:35
இருபது செல்கள். இருபதிலும் 45.

14:20
எனக்குள் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகிக் கிடக்கின்றன. எதுவும் குறையவில்லை, அதனால் எனக்கு நோயும் இல்லை. ஆனால் 45தான் சரியென்று கருவிக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.
அப்படியானால் 46 உள்ள கருவைத்தான் அது 'ஒன்று கூடுதல்' என்றது. இதுவரை பதினான்கை எரித்திருக்கிறேன். பதினான்கும் நல்ல பிள்ளைகள். 'சரி' என்று அனுப்பிய ஒவ்வொன்றிலும் ஒரு குரோமோசோம் குறை. அவை சில வாரம்தான் தாங்கும்.
சென்னையில் எனக்கும் இரண்டு கலைந்தன. ஏனென்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பாவி, நானும் பார்க்கவில்லை.

15:05
இதைப் படிப்பவர் யாரோ, உங்கள் ரத்தத்தை வைக்குமுன் ஒருமுறை கையால் எண்ணுங்கள். ஒரு மணி நேர வேலை. ஒரே ஒரு மணி

நாள் 1134, 09:15
இசைவாணி: "என்னக்கா, நாலு நாளா சத்தத்தையே காணோம்? மசக்கை பாடாப்படுத்துது. நேத்து ஸ்கேன்ல இதயத்துடிப்பு கேட்டுச்சு, கொஞ்சம் மெதுவாதான் இருக்காம். அந்த இன்னொண்ணு கெட்டதுன்னு நீங்க பாத்து எரிக்கலைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்? உங்கள சாமியா நெனைக்கிறோம்க்கா."

11:30
மூன்று முறை உண்மையை எழுதினேன். மூன்று முறையும் அழித்தேன்.

11:52
பதில் அனுப்பியாயிற்று: "சந்தோஷம்மா. கனமா எதையும் தூக்காத."