கண் வார்டில்தான் இருக்கிறேன்

மதுரை
1.4.2003

அன்புள்ள கிளமெண்ட் அண்ணனுக்கு,

சிங்கப்பூரில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் வகுப்பு. வருகிறேனா இல்லையா என்று மே இருபதுக்குள் எழுத வேண்டும். மேலூர் கிரானைட் ஆபீசில் ஏழு வருஷமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு விலை பேசி எழுதுவது நான். அவர்கள் நேரில் வந்தால் வெளியே உட்காருவதும் நான்தான். இந்தப் படிப்பு இருந்தால் உள்ளே உட்காரலாம்.

ஆனால் பேப்பரைத் திறந்தாலே சார்ஸ் காய்ச்சல். எங்கள் சூப்பர்வைசர் கண்ணுச்சாமி அண்ணன், "தாயி, அம்புட்டுப் பேரும் அங்கயிருந்து ஓடியாராய்ங்க, நீ அங்க போறேங்கிற?" என்கிறார். போனில் கேட்கலாமென்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்கள். நீ அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீ சொல், வரட்டுமா?

உன் தங்கை
ரூத்

சிங்கப்பூர்
10.4.2003

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கண்டதும் ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். தைரியமாக வா. பேப்பர்காரர்கள் ஒன்றைப் பத்தாக்குகிறார்கள். வாசலில் காய்ச்சல் பார்க்கிறார்கள், மாஸ்க் தருகிறார்கள், அவ்வளவுதான். நான் கண் வார்டில்தான் இருக்கிறேன். நம்ம ஊர் சவரியப்பனும் கூடவே இருக்கிறான். இதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

அண்ணன்
கிளமெண்ட்

மதுரை
21.4.2003

அண்ணே,

நேற்று ஈஸ்டருக்குச் சவரியப்பனின் அம்மா பலகாரத்தோடு வந்தார்கள். "நம்ம புள்ளைக ரெண்டும் அந்தக் காய்ச்சல் வார்டுக்குத் தாங்களாவே பேரு குடுத்திருக்காக. பெருமையாவும் இருக்கு, ஈரக்கொலையும் நடுங்குது" என்றார்கள். எங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் பாவம். அவர்கள் போகும்வரை அம்மா சிரித்த முகமாக இருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "ஒருத்தன அனுப்பிட்டேன். உன்னையும் அனுப்பச் சொல்லாத" என்றார்கள்.

உன் கடிதத்தை நம்பி ராஜினாமாவே எழுதி வைத்திருந்தேன். உன் பொய்க்கு முட்டுக் கொடுக்கவா என்னை வரச் சொன்னாய்?

ரூத்

சிங்கப்பூர்
2.5.2003

ரூத்,

ஆமாம். வராதே என்றால் ஏன் என்று அம்மா கேட்பார்கள். அதற்குப் பயந்து உன்னை வா என்றேன். எழுதி முடித்து ஒட்டும்போதே கை கூசியது. ஆனாலும் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

சவரியப்பனுக்குப் போன வாரம் காய்ச்சல் வந்தது. இப்போது மெஷின் வைத்துத்தான் மூச்சு. எனக்கு முந்தாநாளிலிருந்து நூற்றொன்று. தனி அறையில் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நீ வரவேண்டாம். ஒரு வருஷம் தள்ளிக் கேள். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டாதே.

கிளமெண்ட்

மதுரை
12.5.2003

அன்புள்ள அண்ணே,

காட்டினேன். இந்த வீட்டில் இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். சவரியப்பன் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "அவன் அங்க தனியாக் கெடக்கான். நீ போ" என்றார்கள்.

"படிக்கவா, அவனைப் பாக்கவா?"

"பாக்கப் போனா உள்ள விடுவாகளா? படிக்கப் போ. ஒரே ஊர்ல இருங்க."

எனக்குப் பயம்தான். ஆனாலும் இன்று ஆபீஸிலிருந்து, வருகிறேன் என்று பேக்ஸ் அனுப்பிவிட்டேன். உன் ஹாஸ்டலுக்கு நாலு நாளாகப் போன் போடுகிறோம், எடுப்பார் இல்லை. இரண்டு வரி எழுது. ஒரு வரியாவது எழுது.

ரூத்

சிங்கப்பூர்
23.5.2003

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான் என்று சொல்லி வெளியே விட்டுவிட்டார்கள். சவரியப்பனுக்கு மெஷினை எடுத்தாயிற்று. பேச்சு வரவில்லை. கையைப் பிடித்தால் அழுத்துகிறானாம்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் நான் அதே வார்டுதான். கேட்டுத்தான் வாங்கினேன். இதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. கேட்டபின் அம்மாவுக்கோ உனக்கோ மனம் மாறினால் எனக்கு வருத்தமில்லை.

நீ வந்து இறங்கும்போதும் நான் அந்த வார்டிலேயே இருந்தால், பக்கத்தில் வரமாட்டேன். ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுவேன். மாஸ்க்கோடு பத்துப் பேர் நிற்பார்கள். ரொம்ப நேரம் ஆட்டுகிறவன் நான்.

அண்ணன்
கிளமெண்ட்