இறக்கத்தில் சாவியை மூடாதீர்கள்

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம்.

விடுதியில் நான் சுகம். உம்மாவின் கால் வீக்கம் வற்றியதா?

நேற்று இத்ரூஸ் மாமா என்னைப் பதுளைக்குக் கூட்டிவரப் புறப்பட்டார். ஏற்றம் முடிந்ததும், உங்களைப் போலவே, சாவியை மூடி, என்ஜினை நிறுத்திக் காரை இறக்கத்தில் உருளவிட்டார்.

"பெட்ரோல் மிச்சம், மகள்."

தெமோதரையில் கார் கொதித்து நின்றது. "தேத்தண்ணி போடுவமா?" என்று சிரித்தார். நான் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

நூலகத்தில் படித்தேன். என்ஜின் ஓடினால்தான் தண்ணீர்ப் பம்பும் சுற்றுமாம். ஏறிச் சூடான பழைய என்ஜினை உடனே நிறுத்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

போன வருடம் உம்மாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வரும்போது நம் காரும் அங்கேதான் நின்றது. தம்பி அங்கேயே பிறந்து, அங்கேயே மூச்சு நின்று மௌத்தானான். அப்போது நமக்கு இது தெரியாது, வாப்பா.

இந்த முறை உம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது இரண்டாம் கியரில் மெதுவாக இறங்குங்கள். சாவியைத் தொட வேண்டாம்.

தம்பிக்குப் பின்னிய தொப்பி அலுமாரியில் இருக்கிறது. அதையும் கொண்டுவாருங்கள். மணி அடிக்கிறது.

மகள் நளீரா